ஆமென் வரைக்கும்

"நீங்க" என்பதா, "நீர்" என்பதா என்ற இடத்திலேயே அக்கா தடுக்கி நின்றாள்.

கடவுளை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கிற நேரமா இது? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா வாயில் குழாயோடு கிடக்கிறாள்.

"கர்த்தாவே..." என்று மறுபடி ஆரம்பித்தாள். அடுத்து, "பொறுமையுடன் காத்திருந்தமைக்கு நன்றி" என்றாள்.

வாடிக்கையாளர் சேவை மையத்தில் நாள் முழுக்க அவள் சொல்கிற வாக்கியம் அது. பழகின நாக்கு பழகினதைத்தான் எடுத்துக் கொடுத்தது.

இன்னொரு நாளாக இருந்தால் தம்பிகள் இரண்டு பேரும் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்கள். இன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்கா பெரிய தம்பியைப் பார்த்தாள். அவன் கடைக்குட்டியைப் பார்த்தான். கடைக்குட்டிக்குப் பார்க்க ஆள் இல்லை, தரையைப் பார்த்தான்.

ஜெபம் பண்ணச் சொன்னது பக்கத்து வீட்டு டெய்லரம்மா. காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து, ஆள் கூட்டி வந்து கதவை உடைத்தவள் அவள்தான். கட்டில் ஓரத்தில், முழங்கால் போட்ட வாக்கிலேயே அம்மா சரிந்து கிடந்தாளாம்.

"டாக்டருங்க அவங்க வேலையப் பாக்கட்டும், நீங்க ஜெபம் பண்ணுங்க. தினமும் அம்மாவோட பண்றவங்கதானே, உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

சொல்லித்தான் தர வேண்டியிருந்தது.

தினமும் என்பதில் பொய் இல்லை. அப்பா போன பிறகு அம்மா பிடிவாதமாக ஆரம்பித்த ஏற்பாடு அது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர். சாயங்காலம் ஆனால் நான்கு போனும் ஒரே அழைப்பில் சேர வேண்டும்.

வீடியோ கூடாது. ஜெபத்துக்கு மூஞ்சி எதற்கு என்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டு முழங்கால் போடுவாள்.

ஆரம்பத்தில் ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் ஹாரன் சத்தம். பேசாமல் மைக்கை அமுக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆமென் சொல்லும்போது எடுத்தால் போதும் என்று அம்மாவே வழி சொல்லிக் கொடுத்தாள். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து மூன்று பேருக்கும் கொண்டாட்டம்.

அக்கா சீரியல் பார்த்தபடி துணி மடிப்பாள். பெரிய தம்பி கார் ஓட்டுவான். கடைக்குட்டி கேம் ஆடுவான், தோற்றால் தாராளமாகக் கெட்ட வார்த்தையும் பேசுவான். அம்மா ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

அவள் என்ன கெஞ்சினாள் என்று இப்போது கேட்டால் மூன்று பேருக்கும் ஒரு வரி தெரியாது. அவர்களுக்குக் கேட்டது வார்த்தை இல்லை, வெறும் சத்தம். சத்தம் நின்றால் மைக்கை எடுக்க வேண்டும், ஆமென் சொல்ல வேண்டும், "சாப்டியா" விசாரணை ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட வேண்டும். இதில் மூவரும் கைதேர்ந்தவர்கள்.

ஒருமுறை கடைக்குட்டி கேட்டே விட்டான். கஷ்டம் வந்தால் ஜெபிக்கலாம், சும்மா இருக்கும்போது தினமும் எதற்கு இந்த அட்டெண்டன்ஸ் என்று.

அம்மா கோபப்படவில்லை. "கஷ்டம் வர்றப்ப வாய் வராதுடா. இப்பவே பழகி வச்சுக்கணும்" என்றாள்.

இப்போது வாய் வரவில்லை.

பயம் மட்டும் நன்றாக வந்தது. ஆண்டவரே, அம்மாவைக் காப்பாற்றும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லத் தெரியாமல்தான் மூன்று படித்த பிள்ளைகளும் சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

கதவு திறந்தது. டாக்டர் வந்தாள்.

மூளையில் அடைப்பு என்றாள். சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நேரம் தெரிய வேண்டும் என்றாள். "இன்னைக்குக் காலைல விழுந்திருந்தாங்கன்னா முயற்சி பண்ணலாம். நேத்தே விழுந்திருந்தா இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல. எப்ப விழுந்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

"காலைலதான் டாக்டர்" என்றான் பெரிய தம்பி. போன உயிர் திரும்பின மாதிரி இருந்தது அவன் முகம். "நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்தாங்க. நாங்க மூணு பேருமே லைன்ல இருந்தோம்."

அக்கா வேகமாகத் தலையாட்டினாள். கடைக்குட்டியும் ஆட்டினான்.

டாக்டர் அவசரமாக உள்ளே போகத் திரும்பினாள்.

"இல்லம்மா, நேத்தேதான்" என்றாள் டெய்லரம்மா.

அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"எங்களுக்கு ஒரே சுவருங்க. நான் மிஷின்ல உக்காந்திருந்தேன். ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தவங்க, பெரிய பையன் பேரைச் சொன்னாங்க, அதோட குரல் நின்னுபோச்சு. தொப்புன்னு ஒரு சத்தம். என்னமோ ஏதோன்னு நான் எந்திரிச்சுட்டேன். அதுக்குள்ள போன்ல இந்தப் பிள்ளைங்க மூணு பேரும் வரிசையா ஆமென் சொல்றது கேட்டுச்சு. சரி, ஜெபம் முடிஞ்சிருச்சு போலன்னு திரும்ப உக்காந்துட்டேன்."

டாக்டர் உள்ளே போனாள். அந்த அவசரம் இப்போது அவள் நடையில் இல்லை.

சின்னவன் பேர் வருவதற்கு முன்பே ஜெபம் நின்றிருக்கிறது. நேற்று "சாப்டியா" என்ற கேள்வியும் வரவில்லை. அது அவர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அந்த வழியாகப் போன ஒரு நர்ஸ், அவர்கள் ஜெபம் பண்ணுவதாக நினைத்துச் செருப்புச் சத்தம் கேட்காமல் ஒதுங்கிப் போனாள்.