பாஸுக்குத் தெரிந்த ஸ்பானிஷ்

"கருவூலத்துக்கு 'அசியெந்தா'ன்னு போட்டிருக்க. நெட்ல பார்த்தா தோட்டம்னு காட்டுது. கஜானாவை ரப்பர் தோட்டமா ஆக்கிட்டியே லா!" பரமேஸ்வரன் தாள்களைத் திருப்பித் தள்ளினார்.

"ஸ்பெயின்ல நிதியமைச்சையே அப்படித்தான் சார் சொல்வாங்க," என்றாள் நித்யா.

"இருக்கட்டும். வேற நல்ல சொல்லாப் பாரு."

பிரிக்ஃபீல்ட்ஸில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருந்த அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் நித்யா. ஒரு பொது நிதி அறிக்கைக்காகத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி.

முதலாளி பரமேஸ்வரனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ், கால்பந்து கிளப்புகளின் பெயர்கள்தான். அதை வைத்தே ஒரு வாரமாக அவளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அரசாங்கச் செலவு 'காஸ்தோ'வா? சமையல் கேஸ் தோங், சிலிண்டர் மாதிரி இருக்கு. மாத்து."

மாற்றினாள்.

மறுநாள், "பழசே தேவலாம்."

"அடுத்து ஸ்பெயின்காரனுக்கே டியூஷன் எடுப்பாரு அக்கா," என்றான் பக்கத்து மேசை குகன். ஆபீஸே சிரித்தது. பாஸ் காதில் விழாத அளவுக்கு.

அன்று 'கடன்' திரும்பி வந்தது. "'தெவுதா' ரொம்பக் கடுமையா இருக்கும்மா. கொஞ்சம் மரியாதையாச் சொல்லு."

நித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும் குகன். வீங்கின காலோட மூணு மாடி ஏறி வந்து இதைக் கேக்கணுமா? இப்பவே பாஸ்கிட்ட சொல்லிட்டு வேலையை விட்டு நின்னுடறேன்." முகம் கழுவப் போனாள்.

தொலைபேசி அடித்தது. குகன் எடுத்தான். அறிக்கையைக் கொடுத்த வாடிக்கையாளர்.

"போன வாரம் உங்க பாஸ் அனுப்பினாரே, அதை அச்சடிச்சாச்சு. பிரமாதம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

குகன் பாஸ் அறைக்குள் பாய்ந்தான். "பாஸ், போன வாரமே அனுப்பிட்டீங்களா? அப்புறம் எதுக்கு அக்காவைப் போட்டுப் படுத்துறீங்க?"

"கத்தாத லா. கதவைச் சாத்து."

சாத்தினான்.

"வேலை முடிஞ்ச அன்னைக்கே அவளை நிறுத்தணும்னு கம்பெனில பாதிப் பணம் போட்ட காஜாங் பார்ட்னர் ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. இன்னும் முடியலன்னு சொல்லி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமையோட அவ வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆகுது. அதுவரைக்கும் இருந்தாத்தான் பிரசவகாலச் சம்பளம். இல்லன்னா ஒரு சென் கிடையாது."

"அதை அவங்ககிட்டயே சொல்லலாமே?"

"சும்மா உக்காந்து சம்பளம் வாங்குற ஆளா அவ? சொன்ன அன்னைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிடுவா."

குகன் வெளியே வந்தான். நித்யா கைப்பையோடு எதிரே வந்துகொண்டிருந்தாள்.

வழியை மறித்து நின்றான்.

"அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். 'வரி'க்கு நீங்க போட்ட சொல்லு சரியாப் படல. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா யோசிச்சுப் பாருங்க."