தரம் பிரிப்பவர்

"இந்தக் காலத்துல ஆயிரம் பாட்டு வெச்சிருக்காங்க. ஒண்ணைக்கூட முழுசாக் கேக்கறதில்ல!" என்றார் பொன்ராஜ்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடும்வரை அங்கே தூளைத் தரம் பிரித்தவர். இப்போது கோத்தகிரியில் மகள் செல்வியின் சிடி கடையில், கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டுகளைக் கேட்டுத் தரம் பிரிக்கிறார்.

"இது ஒண்ணாம் நம்பர். இது கழிவு, அழிச்சிடு. நான் சும்மா இருக்கக் கூடாதுன்னுதானே இந்த வேலை குடுத்தே?"

"இல்லீங்கப்பா."

பஸ் டிரைவர் ஒருவர் நுழைந்தார். "ஏனுங்க, பொன்ராஜ் இருக்குதுங்களா?"

"நான்தான். என்ன வேணும்?"

"நீங்க இல்லீங்க, பொன்ராஜ் சிடி! பஸ்ஸுல மத்த கடைப் பாட்டைப் போட்டா பயணிங்க திட்டறாங்க."

செல்வி திரையைக் காட்டினாள். அப்பா தேறியதென்று சொன்ன பாட்டெல்லாம் இருந்த ஃபோல்டருக்கும், அதிலிருந்து போட்டு விற்ற சிடிக்கும், எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய பெயரையே வைத்திருந்தாள்.

பொன்ராஜ் மஃப்ளரை உதறி, நிமிர்ந்து எழுந்தார்.

"என்னைச் சமாதானப்படுத்த டிரைவருக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கே!" என்றபடி வெளியே நடந்தார்.