இடது கை

பக்கவாதம் வந்து ஆறு மாதமாகியும் விளையாட்டு ஆசிரியர் தேவசகாயத்தின் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. ஐந்தையும் போட்டே தீருவதென்று தினமும் போராடுவார். முடியாமல் போனதும் அந்தக் கையை வலது கையால் ஓங்கி அடிப்பார். சமையலறையில் நிற்கும் மனைவி எஸ்தருக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

ஒரு காலையில் அடி விழவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அவர் இடது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பொத்தான் மாட்டியிருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“கால் சுளுக்குன பையன நான் ஓடவிட்டதே இல்ல, எஸ்தர். இத மட்டும் ஏன் அடிக்கிறேன்? தெனம் ஒண்ணு போட்டா போதும்.”

மறுநாள் அந்த ஒன்றும் மாட்டவில்லை. “சரி, நாளைக்குப் பாக்கலாம்” என்று கையிடம் சொன்னார். எஸ்தர் அருகில் வந்து பொத்தான்களைப் போட்டுவிட்டாள். முதல்முறையாக அவர் தடுக்கவில்லை. வாகாக வயிற்றை எக்கிக் கொடுத்தார்.