எந்தத் தொட்டி?

விற்பனைக்காரம்மா உள்ளே வந்து வணக்கம் சொன்னார். ஆராய்ச்சிக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இயக்குநருக்குச் சங்கடமாகப் போயிற்று.

"சார், பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"முதல்ல தொட்டி முடிவாகட்டும். உன் கதையை அப்புறம் கேக்கறேன்."

மேஜைமேல் இரண்டு தொட்டிகளின் படங்கள் கிடந்தன. மருந்து சுரக்கும் செல்களை வளர்க்க அவற்றில் ஒன்றை வாங்கியாக வேண்டும். விற்பனைக்காரம்மாவின் தொட்டிக்குள் தட்டை இறக்கைகள் அசுர வேகத்தில் சுழன்று கலக்கும். போட்டிக் கம்பெனியுடையதில் சரிவான அகல இறக்கைகள், நிதானமான ஓட்டம்.

"எங்க தொட்டி காத்துக் குமிழியைப் பொடிப்பொடியா உடைக்கும். செல்லுக்கு மூச்சு தாராளமாக் கிடைக்கும்." பேசிக்கொண்டே அவர் தட்டிலிருந்த வேர்க்கடலை பிஸ்கட்டுகளைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, உப்பு பிஸ்கட்டுகளை அவள் பக்கம் தள்ளினார்.

"ஈஸ்ட் இதுல ஜோரா வளருதாமே?" என்றார் இயக்குநர்.

"ஈஸ்டுக்கு வெளியில கெட்டிச் சுவர் இருக்கு சார், தாங்கும். நாம வளர்க்கறது விலங்கு செல். மெல்லிசா ஒரு சவ்வுதான். இந்த வேகத்துல கிழிஞ்சு நாராயிடும்" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"அப்போ வேகத்தைக் குறைச்சுக்கோ."

"குறைச்சா இந்தத் தட்டை இறக்கை ஒழுங்காக் கலக்காது. மூச்சு முட்டியே செத்துடும். சரிஞ்ச இறக்கைதான் மெதுவாச் சுத்தினாலும் அடியிலேர்ந்து மேல வரைக்கும் கலக்கும்."

விற்பனைக்காரம்மாவின் குரல் தாழ்ந்தது. "இந்த ஆர்டரும் போச்சுன்னா எங்க கிளையையே மூடிடுவாங்க சார்."

அப்போதுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "அதுக்காக மருந்துக்குக் காத்துக்கிட்டிருக்கிற பிள்ளைங்களைக் கைவிட முடியாது."

"நான் வாக்குக் கொடுத்தாச்சு. கையெழுத்துப் போடு" என்றார் இயக்குநர். "இல்லைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டி வரும்."

"தாராளமாப் பாருங்க சார். யாரு கையெழுத்துப் போட்டாலும் செல்லு சாகத்தான் போகுது." பேனாவை இயக்குநர் பக்கமே உருட்டிவிட்டு, விற்பனைக்காரம்மாவிடம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. எங்க செல் இதுல பிழைக்குமா?"

விற்பனைக்காரம்மா தன் தொட்டியின் படத்தை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பிழைக்காது."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். விற்கவந்தவரே சொன்ன பிறகு வாதாட என்ன இருக்கிறது? போட்டிக் கம்பெனியின் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வயசுக்குக்கூட மரியாதை இல்லாம பேசிட்டா. தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"இதுல என்ன சார் இருக்கு? இவ என் மருமகதான், வீட்லயும் இப்படித்தான்."