லீவர்

கணினி விளையாட்டில் பழைய போர் விமானம் ஓட்டும்போது ஆல்வினின் இடது கை ஒரு லீவரை விடவே விடாது. விமானம் கீழே பாய்ந்து எஞ்சின் அலறினால், மூக்கிலுள்ள விசிறி இதழ்களின் கோணத்தை மாற்ற அதைப் பின்னால் இழுப்பான். மேலேறும்போது முன்னால் தள்ளுவான். அருகில் பூண்டு உரித்தபடி மனைவி பிரிசில்லா எத்தனையோ முறை பார்த்ததுதான்.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில், அவன் தலைமாட்டிலிருந்த கருவி அலறியதும், அவன் இடது கை போர்வைமேல் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

“அவருக்கு நினைவில்ல மேடம். சும்மா நரம்பு துடிக்குது” என்றபடி நர்ஸ் கருவியின் அலறலை நிறுத்தினாள்.

“இல்ல சிஸ்டர், கீழ இறங்கிட்டிருக்காரு.”

பிரிசில்லா தன் கட்டைவிரலை அவன் உள்ளங்கைக்குள் நிமிர்த்தி வைத்தாள்.

“போதுங்க. இப்ப முன்னால தள்ளுங்க.”

அவன் விரல்கள் இறுகின. மறுபடியும் பின்னால் இழுத்தன.