கலோ கோட்டையில் ஒரு கறுப்பு நாய்

டென்மார்க்கின் மோல்ஸ் மலைகளுக்குக் கீழே, கடலுக்குள் நீளும் கல்பாதையின் முடிவில், கலோ கோட்டையின் இடிந்த செங்கல் கோபுரம் மாலை வெயிலில் சிவந்து நிற்கிறது. சயந்தினி அறிவிப்புப் பலகையை வாசிக்கிறாள். கலகம் செய்த குடியானவர்களை அடக்க எழுநூறு வருசத்துக்கு முன் அரசன் கட்டியதாம். பிறகு இங்கே சிறையிருந்த சுவீடன் பிரபு ஒருவன், ஓடமாட்டேன் என்று தன் உறவுக்காரனான காவல் தலைவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஓடியே போனானாம். அவள் கணவன் நிரோஜன் பலகைப் பக்கம் திரும்பவேயில்லை. தாங்கள் வசிக்கும் ஹோர்சன்ஸிலிருந்து வரும் வழியில், தானும் முதல்தரம்தான் வருவதாகச் சொன்னவன், கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, காற்றுப் படாத ஒரு மதிலோரத்துக்கு நேரே போய் உட்காருகிறான். புல்மேட்டிலிருந்து ஒரு கறுப்பு நாய் ஓடிவந்து அவன் மடியில் தலை வைக்கிறது. அவன் விரல்கள் தாமாகவே அதன் காதடியைச் சொறிகின்றன.

"நாய்க்கு உங்களைத் தெரியுமோ?"

"நாய்க்கு எல்லாரும் ஒண்டுதான்."

நாய்க்குப் பின்னால் மூச்சிரைக்க வந்த டேனிஷ் கிழவர் சிரிக்கிறார். "போன சனிக்கிழமை உன்னைக் காணவில்லையே, நிரோ," என்று தன் மொழியில் சொல்லிவிட்டு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கிறார். போன சனிக்கிழமை நிரோஜன் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தான். மற்றச் சனிக்கிழமைகளில் பாக்டரியில் ஓவர்டைம் என்றுதான் அவளிடம் சொல்லிவிட்டுப் போவான். சயந்தினி அவன் முன்னால் வந்து நிற்கிறாள்.

"இஞ்ச ஆரோட வாறனீங்கள்?"

அவன் கடலைப் பார்க்கிறான். "ஒருத்தரோடயும் இல்லை. தனியத்தான். சும்மா இருந்திட்டு வாறனான்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணின் பேரைச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள்.