மூன்று முறை கூப்பிடுவார்கள்

இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது, வில்சன் கடைசி அத்தியாயத்தைத் தொடவே இல்லை என்று ஞானசுந்தரி நினைத்தாள். அரசாங்கத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற அத்தியாயம். பரீட்சையில் நிச்சயம் கேட்பார்கள்.

அரசியல் புத்தகத்தை மடியில் விரித்து, அவன் பென்சிலால் கோடிட்ட கடைசி வரியைத் தாண்டிப் படித்துக்கொண்டு போனாள். கோடில்லாத பக்கங்களை இனி அவள்தான் படிக்க வேண்டும். வில்சனை ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து ஆறு வாரம் ஆகிறது.

இருவரும் இரட்டைப் பிள்ளைகள். வேலூரில் ஒன்றாகவே இண்டர்மீடியட் தேறினார்கள். அவள் முதல் வகுப்பு, அவன் மூன்றாம் வகுப்பு. ஒருவரைத்தான் மெட்ராஸுக்கு அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னபோது, யாரை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு ராஜாங்க சமாசாரம் இன்னாத்துக்கு?" என்றார் அப்பா. வில்சன் பி.ஏ.வில் அரசியல் எடுத்தான். அவள் மிஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள்.

அவன் ரயிலேறிய அன்று அவள் அழவில்லை, பொறாமைப்பட்டாள். அந்தப் பொறாமைக்கு இப்போது யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அவன் மட்டும் அவளை விடவில்லை. வாரம் தவறாமல் நோட்டுகள் தபாலில் வந்தன. அவன் எழுதிய விடைகளை அவள் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவாள்.

இரண்டாம் வருஷத் தசரா லீவில் வந்தபோது, "புரொபசர் நடத்தினா தூக்கம் வருது. நீ திட்டினாதான் புரியுது" என்று சிரித்தான். கிளம்பும் நேரத்தில் அவளுடைய இண்டர் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி, மடித்திருந்த ஒரு ஃபாரத்தின் அடியில் கையெழுத்தும் போடச் சொன்னான்.

"எதுக்குடா?"

"லைப்ரரியில உன் பேரையும் சேர்க்கிறேன். புஸ்தகம் ஜாஸ்தி கொடுப்பாங்க. கேள்வி கேக்காம போடு, ரயிலுக்கு நேரமாச்சு."

தை மாதம் விஷ ஜுரம் என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்து வந்தது தந்தி. அவன் உடலும் அவனுடைய டிரங்குப் பெட்டியும் ஒரே ரயிலில் வந்து இறங்கின. பெட்டியில் அவள் சர்டிபிகேட் இல்லை. அதைத் தேட அவளுக்கு மனமும் இல்லை.

"ஞானம்."

அப்பா மோசஸ் வாசற்படியில் நின்றார். தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியான அவர், ஆவாரம்பட்டைக் கறை ஏறிய விரல்களால் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். தமிழ் பைபிள் வாசிப்பாரே தவிர, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"யூனிவர்சிட்டி முத்திரை. அவன் கடுதாசியில பாத்திருக்கேன். ரெண்டு நாளா பாக்கெட்லயே வெச்சிக்கினு திரியறேன்."

"ஹால் டிக்கெட்டா இருக்கும்ப்பா."

வாங்கிய கவரை அப்படியே கவிழ்த்து வைத்தாள். அவன் பெயரை எழுத்தில் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. "காலேஜுக்குத்தானே போகணும், வீட்டுக்கு ஏன் வந்துச்சு?"

"அங்க வாங்கிக்க ஆள் இல்லியேம்மா."

அவர் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சட்டென்று எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"டேனரி கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். கவரைக் காட்டல, சும்மாதான் கேட்டேன். பரீட்சை ஹால்ல பேரைக் கூப்பிடுவாங்களாம். மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு, வரலன்னு எழுதிப்பாங்களாம்."

"ம்."

"என் புள்ள பேரைக் கூப்பிட்டு வரலன்னு எழுத வேணாம்மா. அவன் எங்கயும் லேட்டா போனவன்கூட இல்ல." கவிழ்ந்து கிடந்த கவரைக் காட்டினார். "ஆள் இல்லன்னு ஒரு வரி இங்கிலீஷ்ல எழுது. அதையும் உள்ள வெச்சித் திருப்பி அனுப்பிடலாம்."

அப்பா கேட்டு அவள் மறுத்ததே இல்லை. மெட்ராஸ் உனக்கு வேண்டாம் என்றபோதும் சரி என்றுதான் சொன்னாள். இன்றைக்கு அவர் கேட்பதோ மிகச் சிறிய காரியம்.

காகிதம் எடுத்தாள். என் சகோதரன் காலமாகிவிட்டபடியால் என்று இங்கிலீஷில் தொடங்கினாள். காலமாகி என்ற இடத்தில் மை ஊறிப் பரவியது.

"நம்பர் போடணும்லப்பா?"

"ஆமாம்மா, கணக்குப்பிள்ளையும் அதான் சொன்னார்."

வேறு வழியில்லாமல் கவரைப் பிரித்து அட்டையை உருவினாள். நம்பரை எழுதினாள். பாடம் அரசியல் என்றிருந்தது. காலேஜ் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இழுத்து, பிரைவேட் என்று போட்டிருந்தார்கள். அதற்கு மேல் வரியில் அவள் கண் நின்றது.

அந்த வரியை மறுபடியும் படித்தாள். ரயிலுக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்திய குரல் காதுக்குள் கேட்டது.

"இன்னாம்மா? எழுதிட்டல்ல? கொடு, டேனரிக்குப் போற வழியில போட்டுடறேன்."

பாதி எழுதிய காகிதத்தை நான்காக மடித்து, கடைசி அத்தியாயத்தில் அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"எழுத மாட்டேன்ப்பா. அங்க கூப்பிடப் போறது என் பேரை."